தமிழில் ஒரு துஆ

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் வெள்ளைக்கார ராஜாவுக்காக இறைவனிடம் துஆ கேட்காவிட்டால் பள்ளிவாசலைப் பூட்டிவிடுவேன் என்று கலெக்டர் உத்தரவு போட்டார். அங்கே தொழுகை நடத்தும் இத்ரீஸ் ஆலிம் மறுக்கவில்லை. அரபியில் கேட்டால்தானே ஊர் புரியாமல் ஆமீன் சொல்லும்? மிம்பர் மேடையில் ஏறித் தமிழிலேயே கேட்டார்.

"எங்கள் கப்பலைப் பிடுங்கி, எங்கள் பிள்ளைகளைச் சிறையில் போட்ட ராஜாவுக்கு, இறைவா, நூறு வயதைக் கொடு."

ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தார். ஊரே "ஆமீன்" என்று முழங்கியதில் மினாராவிலிருந்து கிளம்பிய புறாக்கள் இலங்கையில் போய்த்தான் இறங்கின. முன்வரிசையில், மகனைச் சிறைக்குக் கொடுத்திருந்த பாக்கர் மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பாஷையில கேட்டா மனசு உருகுது ஆலிம்சா. அடுத்த வெள்ளியும் நீங்களே கேளுங்க."

வாசலில் நின்ற கலெக்டரின் ஆள் திருப்தியாகத் தலையாட்டினான்.

மிம்பருக்கு மூன்றே படி. ஆலிம் இறங்கி முடிப்பதற்குள் சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.