பயத்துக்கு ஒரு கோடு

"இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்கன்னா, குழந்தையை நான் ஒரு மாசம் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ நல்லாத் தூங்கி எழுந்து, தெளிஞ்சு வா."

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதே அண்ணி சொல்லிவிட்டார். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அவர் ஒன்று சொன்னால் என் கணவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"என்னை விட்டுட்டு இருக்க மாட்டா அண்ணி."

"ஒன்பது மாசம் ஆச்சு. புட்டிப்பால்தானே, யார் கொடுத்தா என்ன? சரி, இன்னைக்கு என்னவாம்?"

"இடது காது, வலது காதைவிடச் சூடா இருக்கு."

"அந்தப் பக்கமாப் படுத்திருந்தாளா?"

யோசித்தேன். அந்தப் பக்கமாகத்தான் படுத்திருந்தாள். சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் இது ஆறாவது தடவை. ஒரு தடவை ஏழு தும்மல் தும்மினாள் என்று ஓடி வந்தேன். இன்னொரு தடவை, ரெண்டு நாளாகத் தும்மவே இல்லை என்று.

டாக்டர் இரண்டு காதையும் பார்த்தார். "ரெண்டுமே அருமையான காது. கோடு போடுற இடத்துல காட்டிட்டுக் கிளம்புங்க" என்றார்.

முதல் தடவை இதைக் கேட்டபோது, குழந்தையின் உடம்பில் எங்கே கோடு போடப் போகிறார்களோ என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். விஷயம் அதுவல்ல. உலகத்தில் உள்ள ஒவ்வொரு வியாதிக்கும் ஓர் எண் உண்டாம்; இங்கிலீஷில் அதற்குக் 'கோடு' (code) என்று பெயராம். அந்தக் கோடு இல்லாமல் பில் வெளியே வராதாம்.

அதைப் போடுபவர் பில் கவுண்டரில் இருக்கும் கண்ணாடிக்காரர். தலை முழுக்க நரைத்தவர்.

போன் வந்து, அண்ணி குழந்தையோடு வாசல் பக்கம் நகர்ந்தார். நான் கவுண்டர் மேல் சாய்ந்தேன்.

"சார், ஒரு உதவி. சின்னதா ஏதாவது ஒரு வியாதி போட்டுக் குடுங்களேன்."

"சின்னதான்னா?"

"சளி மாதிரி. ரெண்டு நாள்ல சரியாப் போறது."

பன்னிரண்டு வருஷம் கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். ஒரு பொய் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இதைக் கேட்க நாக்குக் கூசவே இல்லை.

"டாக்டருக்குத் தெரியாத சளியை நான் எங்கேருந்தும்மா வரவழைக்கிறது?" என்றபடி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "இதுல இல்லாததே இல்லை, பாருங்க. வாத்து கடிச்சா ஒரு கோடு. ஆமை கடிச்சா ஒரு கோடு. அதே ஆமைக் கடிக்கு மறுபடி வந்து காட்டினா வேற கோடு."

"எங்க வீட்ல வாத்து இல்லையே சார்."

"அதைத்தான் சொல்றேன்."

"வேற ஏதாவது?"

"விண்கலத்துல போய் அடிபட்டா ஒண்ணு இருக்கு. சொந்தக்காரங்களோட ஒத்துப் போகலைன்னா அதுக்கும் ஒண்ணு இருக்கு." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆனா, அதைக் குழந்தை பேர்ல போட முடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னு போனா, என் குழந்தையை அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவர் விரல்கள் அப்படியே நின்றன. என்னைப் பார்த்தார். பிறகு தட்டினார். காகிதம் வெளியே வந்தது.

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். "என்ன கோடு போட்டிருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் நிதானமாகப் படித்தார். "நோய் இருப்பதாகப் பயந்து வந்தவர். நோய் எதுவும் இல்லை."

போயும் போயும் இந்த மனுஷரிடமா உதவி கேட்டேன் என்றிருந்தது.

"இப்படிக்கூட ஒரு கோடா?" அண்ணி சிரித்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கே. இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?"

"ஆறும் இதேதான் மேடம்."

"கேட்டுக்கம்மா. வியாதி குழந்தைக்கு இல்லை, உனக்குத்தான். நாங்கள்லாம் பிள்ளை பெத்து வளர்க்கலையா? இப்படியா மாத்தி மாத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்?" குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "வீட்டுக்குப் போனதும் அவ துணியெல்லாம் எடுத்து வை. சாயங்காலமே கிளம்பறோம்."

குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

கண்ணாடிக்காரர் காகிதத்தில் முத்திரை குத்தினார். "ஆறெல்லாம் ஒரு கணக்கா மேடம்? ஒரே வருஷத்துல முப்பத்தொரு தடவை இதே கோட்டுல வந்த அம்மா ஒருத்தர் இருந்தாங்க. பையன் கொட்டாவி விட்டா வந்துடுவாங்க. ஒரு நாள், ஒரு காலைவிட இன்னொரு கால் நீளமாத் தெரியுதுன்னு ஸ்கேலோட வந்து நின்னாங்க."

"அப்புறம் சார்?" என்றேன்.

"அப்புறம் என்ன, ரெண்டு காலும் ஒரே அளவாத்தான் வளர்ந்திருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"பையன் இப்ப எந்தக் கிளாஸ் மேடம்?"

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை மெதுவாக என் கைக்கு மாற்றினார்.

"ஏழாவது" என்றார்.