மேல் டிவிஷன், கீழ் டிவிஷன்

"பிரேக் எங்க புள்ள, பிரேக்?"

ஜூலியஸின் வலது கால் சிமெந்துத் தரையை ஓங்கி மிதித்தது. டிவியின் மேல் பாதியில் பச்சை வண்டி வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது.

"பிரேக்கெல்லாம் இல்லைங்க. ரெஜினா சொல்லிட்டுத்தானே போனுச்சு" என்றாள் மேர்சி. கீழ்ப் பாதியில் மஞ்சள் வண்டி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஜூலியஸின் தங்கை ரெஜினா குவைத்திலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அது. ஸ்டியரிங் போல இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள். வயர் இல்லை, பெடல் இல்லை. காற்றில் பிடித்துச் சாய்த்தால் திரையில் வண்டி சாய வேண்டும். ஆளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, "கட்டவெரலால அமுக்குனா ஓடும், திருப்புனா திரும்பும், அவ்வளவுதாண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டாள்.

எந்தப் பாதி யாருக்கு என்று ஜூலியஸ்தான் தீர்மானித்தான். அவன் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ரப்பர் பால் லொறி ஓட்டுகிறவன். மேர்சி கீழ் டிவிஷனில் பால் வெட்டுகிறவள். "மேல எனக்கு, கீழ ஒனக்கு" என்றான். அதில் யோசிக்க ஒன்றுமே இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

பந்தயம், வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் ஆட்டோவுக்காக. விடியும் முன் அவன் லொறிக்குப் போய்விடுவான். ஆட்டோ சும்மா நிற்கும். மகள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கட்டை தூரம் நடந்துபோய் யட்டியாந்தோட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். "எனக்குப் பழக்கிக் குடுங்க, நானே கொண்டுபோய் விடுறேன்" என்று மேர்சி ஒரு வருஷமாகக் கேட்கிறாள். அவனும் ஒரு வருஷமாக "பாப்பம்" என்கிறான். இன்றைக்குத்தான், "மூனு ரவுண்டுல ஒன்னுல என்னைய ஜெயிச்சுக் காட்டு. ஆட்டோவும் பழக்கி, லைசனுக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய்விட்டிருந்தான்.

முதல் ரவுண்டில் இருவரும் கடைசி. இரண்டாவது தொடங்கியது. முதல் வளைவு வரைக்கும் வண்டிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அதன்பிறகு பழைய பிடிவாதம்தான்.

"நில்லு, நில்லு, எதுக்க ஏறி வர்றவனுக்கு எடம் விடு" என்று ஜூலியஸ் விரலை எடுத்தான். பச்சை வண்டி நிற்காமல் நேராகப் போய் மோதியது. "பிஸ்ஸு புடிச்ச பொட்டி. நிப்பாட்டுனா ஓடுது."

"எனக்கு ஓட்டுனா நிக்குதுங்க" என்றாள் மேர்சி. நடு ரோட்டில் காரணமில்லாமல் நின்றிருந்தது மஞ்சள் வண்டி.

"மலை ரோட்டுல எறங்குறவன் நின்னு வழி விடணும். அதுகூடத் தெரியாத ஆளுகதான் இந்தக் கேமச் செஞ்சிருக்கானுக."

அவள் சிரித்தாள். ஆனால் உள்ளே சிரிப்பு இல்லை. அவனுடைய 'பாப்பம்' மீது அவளுக்குக் கோபம் வந்ததே கிடையாது. ஒருவேளை அது சரிதானோ என்பதுதான் அவளுடைய பயம். பதினாறு வருஷமாகக் கத்தி பிடித்த கை. பட்டையில் சாய்த்து இழுக்கும்போது ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம். அவள் வெட்டும் மரங்களில் காயம் இருக்காது. அந்தக் கையின் பேச்சை ஒரு பொம்மை வண்டி கேட்க மாட்டேன் என்கிறது. மகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் எப்படி இறங்குவது?

மூன்றாவது ரவுண்டில் இரண்டாம் வளைவிலேயே மஞ்சள் வண்டி ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது.

மேர்சி கீழே பார்ப்பதை விட்டுவிட்டாள். மேல் பாதியைப் பார்த்தாள். அவன் ஓட்டுவதைப் பார்க்க அவளுக்கு எப்போதும் பிடிக்கும். கல்யாணமான புதிதில் லொறியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, அவன் திருப்பத் திருப்ப அவள் உடம்பும் கூடவே சாயும். இப்போதும் அப்படித்தான். வளைவு வரும்போது மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது, மரத்தைச் சுற்றிக் கத்தி இறங்குவதுபோல. கட்டைவிரலை எடுக்க மறந்திருந்தாள்.

பச்சை வண்டி வளைவை அழகாக வழித்துக்கொண்டு போனது.

"பாத்தியா, பாத்தியா?" ஜூலியஸ் பாதி எழுந்துவிட்டான். "இதோட நாடியப் புடிச்சிட்டேன் புள்ள. ஒரு எடத்துல ஒரசல் இருக்கா பாரு."

ஒரு வண்டி பின்னால் போனது. இன்னொன்று. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் மேர்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனோடு சாய்ந்தாள். பச்சை வண்டி எல்லாவற்றையும் தாண்டி முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. திரை முழுக்கக் காகிதப் பூ கொட்டியது.

"இப்பிடி ஓட்டுற ஆளுன்னா கண்ண மூடிட்டுப் புள்ளைய ஏத்தி அனுப்பலாம்" என்றான் அவன், முகமெல்லாம் வியர்வையும் பெருமையுமாக.

"ஆமாங்க" என்றாள் மேர்சி. மெய்யாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கண் வாசலில் நின்ற ஆட்டோ பக்கம் போய் வந்தது. "நீங்க ஜெயிச்சிட்டீங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய பெருமை பாதியாகக் குறைந்தது. "விடு புள்ள, வெளாட்டுத்தானே" என்று முனகினான்.

ஈரத் தலையோடும் வாளியோடும் ரெஜினா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

"மேல் பாதிதான் முதலாவதா வந்துச்சா? அண்ணி, நீங்க பொல்லாத ஆளு. அந்த செவப்புப் பொட்டு வச்ச ஸ்டியரிங்தான் எப்பவும் மேல் பாதி."

மேர்சி தன் கையிலிருந்ததைத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே, நகப்பூச்சில் வைத்த சிவப்புப் பொட்டு.

ஜூலியஸ் தன்னுடையதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கானுக்குள் கிடந்த மஞ்சள் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்துபோய் ஆணியிலிருந்த ஆட்டோச் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மைதானத்துக்குப் போவோம், புள்ள. அந்தக் கடைசி வளைவ நீ எப்பிடி எடுத்தேன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."