திருப்பி அனுப்பாத சாக்லேட்

அரசின் தேவைப் பெட்டி மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும். சோப்பு, தேயிலை, துணியோடு ஒரு சாக்லேட்டும் இருக்கும். எந்தப் பொருளின் உறை பிரிந்தாலும் உடனே கணக்கில் ஏறும். எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டால், வசதி கூடிவிட்டதென்று வீடு மூன்றாம் படிக்கு ஏறிவிடும். மூன்றாம் படிக்காரர்களை உப்பளத்துக்குள் விடமாட்டார்கள். அவர்களுக்கு நகரத்தில் அலுவலக வேலை உருவானதும் அழைப்பு வரும். பக்கத்து வீட்டு மாசானம் போன வருடம் ஏறினார். இன்றும் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அந்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார்.

அதனால், கணவனின் உப்பள வேலை போய்விடாமலிருக்க, இசக்கியம்மாள் சாக்லேட்டை மட்டும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள். நான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

இந்த மாதம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கசப்பு மருந்தை மூன்று முறை துப்பிவிட்டாள். நான்காவது முறை இசக்கியம்மாள் சாக்லேட்டைப் பிரித்து ஒரு துண்டு உடைத்தாள்.

மறுநாள் காலை உப்பளத்தின் கதவு அவள் கணவன் பேச்சிமுத்துவுக்குத் திறக்கவில்லை. "வாழ்த்துகள், உங்கள் வீடு உயர்ந்துவிட்டது" என்றது. அவன் வீட்டுக்குத் திரும்பினான். அடுப்படியில் கிடந்த சாக்லேட் தாளைப் பார்த்தான்.

"பிள்ள மருந்தக் குடிச்சாளா?"

"குடிச்சிட்டா."

உப்பில் வெடித்திருந்த கால்களைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அப்ப மிச்சத்தையும் அவளுக்கே குடுத்துரு."