சிவப்பு முதலில் வரவேண்டும்

டவுன்டவுன் மண்டபத்தின் உயரமான கண்ணாடி யன்னல்கள் வழியே ஒக்டோபர் வெயில் மேடைச் சுவரில் சரிந்து விழுகிறது. அங்கே இடமிருந்து வலமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வரிசையில் ஒரு கொடி. அதன் கீழே, துடைப்பக்கட்டையை இறுகப் பிடித்தபடி, துப்புரவு வேலை செய்யும் கதியாத்து நிற்கிறாள். கினி நாட்டுக்காரி. இன்று அவளுடைய நாட்டின் சுதந்திர தின விருந்து. ஆட்கள் வர இன்னும் பத்து நிமிடந்தான். சிவப்பு முதலில் வரவேண்டும், இப்படித் தொங்கினால் இது பக்கத்து நாடான மாலியின் கொடி என்று அவள் பிரெஞ்சில் சொன்னதை, விருந்தினர் உட்காரக் கதிரை அடுக்கிக் களைத்த, கூட வேலை செய்யும் சிவநேசம், தங்கள் மேற்பார்வையாளனான அல்பேட்டிடம் தமிழில் சொல்கிறார். கொடியைத் தொங்கவிட்ட அல்பேட் சிரிக்கிறான். "மூண்டு நிறமும் இருக்குத்தானே அண்ணை. ஆர் பாக்கப்போகினம்?" சிவநேசத்துக்குச் சுள்ளென்று ஏறுகிறது. "ஆர் பாக்கிறதோ? ஐம்பத்தெட்டாம் ஆண்டு பிரான்சின்ரை முகத்துக்கு நேரே உனக்குக் கீழை இருக்கமாட்டம் எண்டு வாக்குப் போட்ட சனமடா. அந்தச் சிவப்பு அவையின்ரை ரத்தம். உன்னை ஆரும் பக்கத்து நாட்டான் ஆக்கி இந்தியன் எண்டால் மட்டும் சன்னதம் ஆடுறாய்!" "ஏணியை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டியாச்சு. பேசாமல் விடுங்கோ" என்கிறான் அல்பேட். சிவநேசம் சப்பாத்தைக் கழற்றுகிறார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையொன்றைச் சுவரோடு இழுத்து, நோகும் முழங்காலை ஊன்றி ஏறுகிறார். "ஐயோ, விரிப்பு ஊத்தையாகும்!" என்று அல்பேட் கத்துகிறான். கதியாத்து ஓடிவந்து மேசையைப் பிடிக்கிறாள். அவர் பிடுங்கும் குண்டூசிகள் தரையில் சிதற, கொடி மறுபக்கம் புரண்டு சிவப்பு முன்னுக்கு வருகிறது. கதவு திறந்து முதல் விருந்தினர் உள்ளே வரும்போது, காலுறையோடு மேசைமேல் நிற்கும் சிவநேசம் திரும்பியும் பார்க்காமல் கடைசி ஊசியைக் குத்திக்கொண்டிருக்கிறார்.