வரப்பில் ஐந்து நிமிடம்

கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லை வரப்பில், கரும்பு வெட்டுகிற இருசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும் என்று இரண்டு மாதமாக அவள் போகவில்லை. நர்ஸ் செவ்வந்தியே பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சேலைக்கு மேல் போட்ட ஆண்சட்டையின் கையைச் சுருட்டினால், கரும்பின் காய்ந்த சோகை கீறிய கோடுகள். மெஷின் நூற்றெண்பது காட்டுகிறது. "இப்பத்தான வெட்டிக்கினு இருந்தீங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, திரும்பவும் பாக்கலாம்" என்கிறாள் நர்ஸ். இருசம்மாள் கொல்லையைப் பார்க்கிறாள். அவள் விட்டுவந்த வரிசையை, இரு பக்கத்துப் பெண்களும் யாரும் சொல்லாமலே பாதி பாதியாக எடுத்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். கத்திச் சத்தம் மெல்லத் தள்ளிப் போகிறது. மலைப் பக்கத்துக் காற்று வந்து கழுத்து வியர்வையை ஆற்றுகிறது. அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கையில் சுற்றிய பட்டை மறுபடி இறுகித் தளர்கிறது. "நூத்தி அம்பது. எவ்ளோ கம்மியாயிடுச்சு பாருங்க." "மாத்திர இன்னும் போடவே இல்லியேம்மா." "உக்காந்தீங்கல்ல." நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து, அட்டையில் எழுதுகிறாள்: காலை ஒன்று, இரவு ஒன்று. இருசம்மாள் அட்டையை எட்டிப் பார்க்கிறாள். "உக்கார்றதையும் அதுல எழுதிடும்மா. மேஸ்திரிகிட்ட காட்டணும்."