முழுப் பூசணிக்காய்

போன செவ்வாய்க்கிழமை, புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பிரார்த்தனை அறையில் என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒருத்திதான் இதைச் சொன்னாள். ஒரு வீட்டின் இளைய மருமகள்.

அந்த வீட்டின் மூத்த மருமகளுக்கு வயிற்றில் கட்டி. புதிதாக வந்த ஒரு தடுப்பூசியைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இரண்டு ஊசி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றாவது.

திங்கள் காலை இளையவள் சொன்னாள்: "அக்கா, இந்தப் பூசணிக்காயை நறுக்கிக் குடுங்க."

"கத்தியைத் தொடக் கூடாதாம்மா. தோல் கிழிஞ்சா ஆகாதாம். ஊசி போடுறாங்கல்ல."

"நானும் ரெண்டு பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவதான். அதுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

மூத்தவள் கத்தியை எடுத்தாள்.

காய் கெட்டி. கத்தி வழுக்கியது. உள்ளங்கையில் நாலு தையல்.

"இனி இதுவே சாக்கு," என்று இளையவள் அப்போதும் முணுமுணுத்தாள்.

மறுநாள் துணைக்குப் போனவளும் அவள்தான். கைக்கட்டைப் பார்த்ததும் நர்ஸ் ஊசியை ஓரமாக வைத்துவிட்டார்.

"இன்னிக்குப் போட முடியாது."

"ஏன், தடுப்பூசிதானே?" என்றாள் இளையவள்.

"குழந்தைங்களுக்குப் போடுறது மாதிரி இல்லைம்மா இது. கட்டி வளர்றதுக்குப் புதுசா ரத்தக்குழாய் இழுத்துக்கும். அதை அழிக்க உடம்புக்குச் சொல்லிக் குடுக்குற ஊசி. காயம் ஆறவும் புதுக் குழாய்தான் வேணும். இப்பப் போட்டா கை ஆறாது. ஒரு மாசம் போகட்டும்."

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா?"

நர்ஸ் மூத்தவளிடம் திரும்பினார்.

"அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. யார் உங்களை நறுக்கச் சொன்னது?"

இளையவளுக்குத் தலை தானாகக் குனிந்தது.

மூத்தவள் நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லலை சிஸ்டர். இவ என்னைச் சமையல்கட்டுப் பக்கமே விடமாட்டா. குளிக்கப் போயிருந்தா. நான்தான் திருட்டுத்தனமா நறுக்கப் போய்..."

முழுப் பூசணிக்காயையும் இரண்டே வார்த்தையில் மறைத்துவிட்டாள்.

இன்றைக்குச் சாமி கும்பிடும்போது, அந்தக் கை சீக்கிரம் ஆறட்டும் என்று நீங்களும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.