கூட்டாளி கை

சுடலைமுத்துவின் டாக்சியில் ஏசி கொஞ்ச நேரம் குளிரும், பிறகு வெறும் காற்றுதான் வரும், மறுபடி குளிரும். கோடை முழுக்க இதே தொல்லை. சிநேகிதன் ஜெபராஜின் பட்டறையைத் தவிர வேறெங்கும் அவன் வண்டியை விட்டதில்லை. ஜெபராஜும் ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பி, "இனி ஊட்டிதான் மாப்ள" என்று முதுகில் தட்டி அனுப்புவான்.

அன்று வெளியூர் சவாரியில், பின்சீட்டிலிருந்த கர்ப்பிணிப் பெண் வெக்கை தாங்காமல் மயங்கிச் சரிந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண் விழித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகே சுடலைமுத்து எதிரிலிருந்த பட்டறைக்குப் போனான். பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

"கம்ப்ரசர்ல கேஸ் கசியுது. கேஸ் குறைஞ்சா அது தானா நின்னுரும். ஆனா இது ஒங்க வண்டியோடது இல்லயே அண்ணாச்சி? கழிச்சுப் போட்டதுக்குப் பெயிண்ட் அடிச்சுல்லா மாட்டிருக்கு."

"நல்லாப் பாருங்க. என் கூட்டாளி கை மட்டுந்தான் இதுல பட்ருக்கு."

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார்.

ஜெபராஜின் காரும் இதே மாடல்தான், இன்னும் பழசு. போன மாதம் இரண்டு குடும்பமும் அதில்தான் கடற்கரைக்குப் போனார்கள். உள்ளே அப்படியொரு குளிர். "இந்தக் கிழட்டு வண்டிய எப்படிலே இப்படி ஆக்குன?" என்று சுடலைமுத்துதான் வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்தான். ஜெபராஜ் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

போன் அடித்தது. ஜெபராஜ்தான்.

"சவாரி முடிஞ்சுதா மாப்ள? ஏசி ஒழுங்கா ஓடுச்சா?"

"ஓடுச்சு," என்றான் சுடலைமுத்து. போனை வைத்துவிட்டுப் பானெட்டை மூடினான்.